தவமணி டீச்சர் எழுத மறுத்த எண்

ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று யாராவது கூட்டி வந்தால், தவமணி டீச்சர் முதலில் அதன் காதைப் பார்க்கச் சொல்வார். அடுத்தது கண். இரண்டும் என் வேலை. தாதிப் பயிற்சி முடித்து மருத்துவமனையில் பல வருடங்கள் இருந்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், டீச்சர் வேலை பார்த்த அந்தச் சிறிய நிலையத்தில் சேர்ந்தேன். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைச் சோதித்து, குறை எங்கே, என்ன செய்யலாம் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுப்பது நிலையத்தின் பணி. காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்ததுமே, மக்கு என்று பெயர் வாங்கிய சிலர் சோதனை இல்லாமலே வீடு திரும்பியதுண்டு.

டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா நாகநாதன் ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். டீச்சர் பத்து வருடத்துக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்திய பிறகு இங்கிலாந்து போய் இந்தச் சோதனைகளில் பயிற்சி பெற்று, பிள்ளைகளை அடுக்கிக் காட்டச் சொல்லும் கட்டைகளும் படங்களும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஆனால் அந்தப் பெட்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில்லை. ஒரு படத்தில் பெண்ணுக்குக் காது இருக்காது. எது குறைகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் பொட்டு என்பார்கள். விதிப்படி அது தவறு. டீச்சர் தவறு என்றே போடுவார். பக்கத்தில் ‘பார்வை கூர்மை’ என்றும் எழுதி வைப்பார்.

பத்மாவதி வந்தது எண்பத்து நாலில். சுங்கை பாக்காப் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. எழுத்துக் கூட்டக்கூட வரவில்லை. தலைமையாசிரியர் பழனியப்பன் அவளை எங்கள் தீவில் இருந்த ஒரு விடுதிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். அறிவு குறைந்த பிள்ளைகளுக்கான விடுதி அது. போனவர்கள் திரும்பிப் பள்ளிக்கு வந்ததில்லை. மதிப்பெண் குறைவு என்று டீச்சர் எழுதிக் கொடுத்தால் போதும், அனுப்பிவிடலாம். பிள்ளையின் தாய் நல்லம்மாளுக்கும் அது தெரியும்.

காதும் கண்ணும் சரியாக இருந்தன. கட்டைகளில் பத்மாவதி தடுமாறினாள். கேள்வி கேட்டால் சற்றுக் கழித்தே நிமிர்ந்தாள். இடைவேளையில் டீச்சர் ஒரு கிரீம் பிஸ்கட் கொடுத்தார். அவள் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிரீம் பிஸ்கட்டைப் பையில் வைத்த பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை. டீச்சர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் நல்லம்மாள்.

“பிள்ளை காலமை என்ன சாப்பிட்டவ?”

“ஒண்ணுமில்ல டீச்சர். தண்ணீர்மலைக்குப் போயிட்டு நேரா வரோம். பாஸாகணும்னு வேண்டுதல். டெஸ்ட் முடியிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் விரதம்.”

“படியெல்லாம் நடந்தே ஏறினவவோ?”

“பின்ன? முருகன் பாக்கறாருலா.”

“முருகனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவளுக்குத்தான் கட்டை தெரியேல்ல. மிஸ்ஸி, ஒரு கோப்பை மைலோ கலக்குங்கோ.” தாதிக்கு இங்கே மிஸ்ஸி என்றுதான் பெயர்.

நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் மிஸ்ஸி! பாதியில முறிச்சா சாமி குத்தம். அப்புறம் என் பிள்ள விடுதிக்குத்தான் போவும்.”

கோயிலையும் விரதத்தையும் பழித்துப் பேசுகிறவர்கள் அன்று டீச்சர் இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தாய் பிள்ளையோடு எழுந்து போயிருப்பார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நானும் சஷ்டி பிடிக்கிறவள்தான். பிள்ளையின்ர விரதத்தை நான் எடுக்கிறன். பொழுது படுமட்டும் எனக்குச் சாப்பாடு இல்லை. சரியோ?”

“அப்படி மாத்திக்கலாமா டீச்சர்?”

“கூடாதெண்டு முருகன் உங்களிட்டச் சொன்னவரோ? உங்கட விரதம் உங்களோட இருக்கட்டும். உங்களுக்குத்தான் டெஸ்ட் இல்லையே.”

நல்லம்மாள் சிரித்துவிட்டார். என் கையையும் விட்டார். டீச்சரின் தூக்குச்சட்டியில் இருந்த இடியப்பமும் சொதியும் பத்மாவதிக்குப் போயின. வழித்துச் சாப்பிட்டாள். மீதிப் பகுதியைச் செய்தபோது உட்கார்ந்திருந்தது வேறு பிள்ளை. சொன்ன கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிபடவில்லை.

காலையில் பசியோடு செய்த பகுதி கெட்டுவிட்டது. அதே கட்டைகளை உடனே மறுபடி கொடுக்கவும் முடியாது, பழகிப்போயிருக்கும். முடிவு கேட்டுப் பழனியப்பன் தொலைபேசியில் அழைத்தார்; டீச்சர் நடந்ததைச் சொன்னார். அவர் பேசியது எனக்கே கேட்டது.

“விடுதில ஒரு இடந்தான் காலி டீச்சர். பாதி டெஸ்ட்ட வச்சு ஒரு நம்பர் போட்டுக் குடுங்க.”

“பசிக்கு நம்பர் போடுற பெட்டி என்னட்ட இல்லை, சேர். ஆறு மாதம் கழிச்சு அனுப்புங்கோ.”

“அதுவரைக்கும் அந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னாங்க செய்யறது?”

“வகுப்பில இருக்கட்டும்.”

பழனியப்பன் கெட்டவர் அல்ல. நெருக்கியடித்த வகுப்பும் ஆள் பற்றாக்குறையும் அவரைப் பிடுங்கின. மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார். நிலையத்தின் தலைவர் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டபோதும் அவர் எண் தரவில்லை. விரதம் எடுத்த அன்று மாலை வரை இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சோதித்தார். நான் நீட்டிய தேநீரைக்கூட வாங்கவில்லை. “விரதமெண்டால் விரதம், மிஸ்ஸி.”

ஆறு மாதத்தில் பத்மாவதி மறுபடி வந்தாள். முழுச் சோதனை நடந்தது. அறிவில் குறை இல்லை. வாசிப்பில் மட்டும் கடுமையான தடை. டீச்சர் எதையும் பூசி மெழுகவில்லை. இது மருந்தில் போகிற காரியம் அல்ல, வருடக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று தாயிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். நல்லம்மாள் கேட்டது ஒன்றுதான்.

“விடுதிக்கு?”

“தேவையில்லை.”

பழனியப்பனும் வந்திருந்தார். அறிக்கையை நின்றபடியே படித்தார். “எழுத்து வராத பிள்ளைக்கு நான் எப்படிங்க மார்க் போடுறது?”

“கேள்வியை வாயால கேளுங்கோ. அவ வாயால சொல்லுவா. எழுத்துக்குச் சனிக்கிழமையில நான் அங்க வாறன்.”

“பஸ்ஸுலயா? அவ்வளவு தூரமா?”

“வேற ஆள் வைச்சிருக்கிறீங்களோ?”

அவரிடம் ஆள் இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விடுதிக்காக எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். புது வருடம் பள்ளி திறந்ததும் பத்மாவதி தன் வகுப்புப் பிள்ளைகளோடு நாலாம் ஆண்டுக்குப் போனாள்.