மீட்டர் பார்த்து வாங்கிய வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், மனையடி சாஸ்திரம் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டி வருவார்கள். என் அப்பா மீட்டரைப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. ஒரு நிமிடம் மீட்டர் முன்னால் நின்றால் போதும், அந்த வீட்டில் எத்தனை பேர், ஃபேன் உண்டா, ரேடியோ உண்டா, வீட்டுக்காரர் கருமியா தாராளமா என்று எல்லாம் சொல்லிவிடுவார். அம்மா இதை ஜோசியம் என்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் இருபது வயது என்பதும் அம்மா சொன்னதுதான். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சோற்றிலும் தவிடு, தலையிலும் தவிடு. அந்த அறைக்கும் ஒரு நாள் வந்தது வினை. வீட்டுக்காரரின் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாளாம், பொங்கலுக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வாடகைக்கு வேறு வீடு பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தோம். கதவைத் திறப்பவர்கள் அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். உத்தியோகத்தைக் கேட்டு இன்னும் அகலமாகச் சிரிப்பார்கள். பிறகு சொந்த ஊர் எது என்பார்கள். ஊரைச் சொன்னால் "அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. தெருவைச் சொன்ன மாத்திரத்தில் அந்த வீட்டில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகிவிடும். இல்லையென்றால் மச்சான் குடும்பம் வந்து தங்கப்போவது ஞாபகம் வந்துவிடும்.

அம்மாதான் ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "வாடகைன்னா ஆயிரம் கேள்வி கேக்குறாங்க. வெலைக்குன்னா ஒரே கேள்விதான், எவ்வளவு தருவேன்னு. வீடே வாங்கிடலாங்க."

ஒற்றை அறையில் இருப்பவர்கள் வீடு வாங்குவதா என்று சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டை வாங்குவதைவிட விற்பதுதான் கஷ்டம். நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. குத்தகைக்காரரைக் கிளப்ப முடியாதென்று சட்டம் வந்திருந்தது. நடவுக்கு ஒரு கூலிச் சண்டை, அறுப்புக்கு ஒரு கூலிச் சண்டை, களத்துமேட்டில் கொடி, பின்னாலேயே போலீஸ் வேன். நெல்லை நம்பிப் பெரிய பெரிய வீடாகக் கட்டியவர்கள் பிள்ளைகள் இருக்கிற பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். தெருவில் பாதி வீடு பூட்டு. தரகர் எங்கள் அப்பாவைக் கண்டால் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். "சார், விக்கிறதுக்கு என் கைல முப்பது வீடு இருக்கு. வாங்குறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. புண்ணியமாப் போவும், எதையாவது வாங்கிடுங்க" என்பார்.

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் ஊர்வலம் கிளம்பும். அப்பா சைக்கிள் மிதிக்க, முன்னால் பாரில் நான், பின்னால் கேரியரில் அம்மா. முதலில் பார்த்த வீட்டுக்கு ஏழு பங்காளிகள். கையெழுத்து வாங்க டெல்லி வரை போகவேண்டும். இரண்டாவது வீட்டின் அடுப்படியில் பாம்புப் புற்று இருந்தது. குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்ல எனக்கு மனசு வராது என்று அம்மா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர் காலையில் ஒரு விலை சொன்னார், எங்கள் தெருவை விசாரித்துக்கொண்டு சாயங்காலம் இரண்டு மடங்கு சொன்னார். ஒரே கேள்விதான் என்ற அம்மாவின் கணக்கு அங்கே பொய்த்துப்போனது.

நாலாவதாகத்தான் அந்த மாடி வீடு வந்தது. அப்பாவின் சொந்த ஊரிலேயே, அக்ரகாரத்தின் கடைசி வீடு. தரகர் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதுமே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தாத்தா அந்த வீட்டுப் பண்ணையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். வாசல் பக்கம் வந்ததே கிடையாது, எல்லாம் கொல்லை வழிதான். அப்பா மட்டும் மாதாமாதம் வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார். மீட்டரை வாசலை ஒட்டிய நடையில் மாட்டியிருந்தார்களே, அதனால்.

வீட்டைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் அப்பா தம் ஜோசியத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "மாசத்துக்கு மூணு யூனிட்தான் ஓடுது. ஒத்தைப் பல்பு, அதுவும் சாப்புடுற நேரத்துக்கு மட்டும். மாடிக்கு ஒயரே அறுந்து கெடக்கு. வீடு பாக்க ஒரு ஆளும் வந்ததாத் தெரியலை."

"அப்ப ஏழாயிரத்துக்கு முடிச்சிடலாம்" என்றாள் அம்மா. ஆபீஸ் கடனும் சீட்டுப் பணமும் சேர்த்து ஏழரைதான் தேறும். அதற்கு மேலே ஒரு ரூபாய் என்றாலும் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி போகவேண்டும். அது என் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்தது.

"இதெல்லாம் அங்க பேசக் கூடாது. ஆபீஸ் விஷயம்" என்றார் அப்பா.

மறுநாள் கிளம்பும்போது அம்மா எனக்கு இரண்டு கட்டளை போட்டாள். ஒன்று, அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விலை பேசப் போன இடத்தில் வாயை நனைத்துவிட்டால் அதற்குமேல் பேரம் பேச நாக்கு எழும்பாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். மாடு வாங்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் சரி. இரண்டு, வாயைத் திறக்கக் கூடாது. நல்ல பிள்ளையாக நான் முதல் கட்டளையைக் காப்பாற்றினேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே வீடு இருட்டிக் கிடந்தது. மாமா என்று தரகர் சொன்ன வீட்டுக்காரர் நடையில் ஒரு நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "லைட்டைப் போடு" என்றார். மாமி வந்து போட்டார்கள். எங்களை மதித்து எரிந்த விளக்கு அது. கூடத்தில் உத்தரத்திலிருந்து ஊஞ்சல் கொக்கிகள் தொங்கின, ஊஞ்சல் இல்லை. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரம்.

"வந்தாச்சா? உட்காரலாமே" என்றார் மாமா, சுவரைப் பார்த்து. அப்பாவை நீ என்பதா நீங்கள் என்பதா என்று அவருக்கு முடிவாகவில்லை போலிருக்கிறது. வந்தாச்சா, போயாச்சா, எடுத்தாச்சா என்றே பல வருடத்தை ஓட்டியிருந்தார். அப்பாவுக்கும் அதே சங்கடம்தான். தாத்தா கூப்பிட்ட மாதிரி சாமி என்று கூப்பிட வாய் வராது, பெயர் சொல்லவும் முடியாது. சார் என்ற ஒரு வார்த்தை வந்திருக்காவிட்டால் எங்கள் அப்பா தலைமுறை என்ன பாடுபட்டிருக்குமோ!

"இருக்கட்டும் சார்" என்று அப்பா மீட்டருக்குக் கீழே நின்றுகொண்டார். அம்மா பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமி என்னைப் பார்த்து, "கொழந்தைக்கு மோர் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு வறண்டுகொண்டிருந்தது. "இப்பத்தாம்மா குடிச்சிட்டு வந்தோம்" என்றாள் அம்மா, கூசாமல்.

பேரம் ஆரம்பித்தது. மாமா பன்னிரண்டாயிரம் என்றார். அம்மா ஏழு என்றாள். மாமா தேக்குக் கதவைச் சொன்னார், அம்மா மாடி ஒழுகுவதைச் சொன்னாள். மாமா கிணறு வற்றியதே இல்லை என்றார், அம்மா அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளை விரல்விட்டு எண்ணினாள். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கடைசியில் மாமா குரலை உயர்த்தினார்.

"நேத்திக்குக்கூட கும்மோணத்துலேர்ந்து ஒரு பார்ட்டி வந்தா. பத்து மணி வரைக்கும் பேசிண்டிருந்தா. எல்லா லைட்டையும் போட்டு மாடி வரைக்கும் காட்டினேன். பதினொண்ணு தரேங்கறா. நான்தான் யோசிச்சுச் சொல்றேன்னேன்."

பொறுக்குமா எனக்கு? எங்கள் அப்பாவை ஒருவர் ஏமாற்றுவதாவது!

"மாடியிலதான் லைட்டே எரியாதே! எங்கப்பா சொன்னாங்க. மாசத்துக்கு மூணு யூனிட்தான் ஓடுதாம். நீங்க ஒத்தைப் பல்பு போட்டுக்கிட்டுச் சாப்புடுவீங்களாம், அப்புறம் அதையும் அணைச்சிடுவீங்களாம்."

மாமா தலையைத் தூக்கி, எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். அப்புறம் தம் கால் விரல்களைப் பார்த்தார். மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவள் மாதிரி நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாய்க்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அம்மாடி! இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

அப்போதுதான் அப்பா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். நடந்து போய்ப் பெஞ்சில், மாமாவுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மாமா மெதுவாகச் சொன்னார். "கொல்லையில அந்த ரெட்டைத் தென்னை, உங்க அப்பா வெச்சதுதான். நல்ல கை அவருக்கு."

"தெரியும் சார்" என்றார் அப்பா. "நான்தான் தண்ணி ஊத்துனேன்." பிறகு, "ஒன்பதாயிரம் வச்சுக்குங்க சார். வெள்ளிக்கிழமை அச்சாரம் கொண்டாரேன்" என்றார்.

"ஏழரைக்கு மேல உங்களுக்கு முடியாதுன்னு தரகர் சொன்னாரே?"

"அது தரகர் சொன்னது சார்."

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. சங்கிலியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள். சண்டை வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவளோ கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். சட்டத்தைப் போட்டவளே மீறலாமா?

மாமி ஒரு பித்தளை டம்ளரில் கொண்டுவந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் தண்ணீர் குடித்தால் அண்ணாந்து ஊற்றிக் குடி, வாய் வைத்து மானத்தை வாங்காதே என்று என்னை அடித்து வளர்த்தவள் அம்மா. அன்றைக்கு உதடு வைத்து, நிதானமாக, சொட்டு விடாமல் குடித்தாள். மாமி வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு, "கொழந்தைக்கு இப்பவாவது மோர் தரேனே" என்றார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அர்ச்சனை. "வாயாடி அது? மதகு! தெறந்தா மூடத் தெரியாதா?" என்று கேரியரிலிருந்து அம்மா என் முதுகில் தட்ட முயன்றுகொண்டே வந்தாள். நடுவில் அப்பா உட்கார்ந்திருந்ததால் பாதி அடி அவருக்கு விழுந்தது. ஒன்பது எதற்கு என்று அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் சைக்கிள் மணியை அடித்தார். அவளும் அதற்குப் பிறகு கேட்டதில்லை. வியாழக்கிழமை சங்கிலி போனது. பொங்கலன்று அந்த வீட்டில் பால் காய்ச்சினோம். அப்பா மாடிக்கு ஒயர் இழுத்துவிட்டு, எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டு, மீட்டர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அந்த மழை நாளில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல். ஒருவர் சொன்னது பொய் என்று நான் நிரூபித்த பிறகு விலை இறங்கத்தானே வேண்டும்? எப்படி ஏறும்? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. எத்தனை வருடமாக எத்தனை தடவை உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தவர், மாமா தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்த நேரத்தில், யாரும் சொல்லாமல் ஏன் போய் உட்கார்ந்தார்?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பாரில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்துக் கேட்டேன். "அப்பா, உங்களுக்குக் கால் வலிச்சுதா?"

அப்பா பெடலை அழுத்தி மிதித்தார். "ஆமாம்மா" என்றார். "ரொம்ப நாளாவே வலி."

பாவமாகப் போய்விட்டது எனக்கு. வீட்டுக்குப் போனதும் வேப்பெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்து, எந்தக் கால் என்று கேட்டேன். ரெண்டும்தான் என்று நீட்டிக் காட்டினார். கை ஓய்ந்துபோகும் வரை தேய்த்துவிட்டேன். மறுநாள் காலையில் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது, போயே போச்சு என்றார். என் கைராசியைப் பற்றி வெகுநாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.