மூச்சு விடாத டயர்க்கடைக்காரர்

கண்ணாடிக்கு உள்ளே மகள் பாயத் தொடங்கியதுமே வெளியே பெஞ்சில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். கன்னம் இரண்டும் உப்பும், கண் பிதுங்கும். அவள் நின்றால்தான் இவர் விடுவார்.

அது பேட்மிண்டன் ஆட்டக்காரர்களைப் பழக்கும் அறை. மலையுச்சியில் இருப்பதுபோல் ஆக்சிஜனைக் குறைத்து அடைத்து வைத்திருக்கிறார்கள். கையில் மட்டையோடு மூலைக்கு மூலை பாய வேண்டும். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடியும் பாய வேண்டும். அப்பாவோ டயர் கடைக்காரர். பஞ்சர் ஒட்டும் வேலைக்குப் போய், அந்தக் கடையையே விலைக்கு வாங்கிய மனிதர்.

"பல்லு முளைச்ச நாளிலேருந்து ஊருக்கே காத்தடிக்கிறவன் நான். காத்து இறங்கினா வண்டி படுத்துரும். இவங்க இறக்கினா ஓடுமாம்!" என்று பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அளப்பார். ஆனாலும் பெற்ற பிள்ளை உள்ளே திணற, தான் மட்டும் தாராளமாக மூச்சு விடுவது அவருக்கு நியாயமாகப் படவில்லை.

போன வாரம் அந்த நியாயம் மயக்கம் போட்டுப் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தது. மகள் பாதிப் பாய்ச்சலில் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அன்றைய பயிற்சி பாழ்.

"ஏம்ப்பா, திணற வேண்டியது நானா நீங்களா?"

"யாரு திணறினது? சும்மா கண்ணை மூடிப் பார்த்தேம்மா."

இன்று அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கடைசிப் பாய்ச்சலில் வேகம் குறைந்தால் இந்த வருஷம் அவள் வீட்டோடுதான். கோச் அம்மா நேராக இவரிடம் வந்தார்.

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். மூச்சு மட்டும் விடுங்க."

"இவ்வளவுதானே? விட்டுட்டாப் போச்சு. நான் பார்க்காத காத்தா!"

வாய்ச்சொல் சுலபம். மகள் பாய்ந்தாள், அவர் வாய் தன்னால் மூடிக்கொண்டது. அடுத்த பாய்ச்சலுக்கு முன் அவள் ஒரு முறை முறைத்தாள், பாருங்கள், படக்கென்று திறந்தது. அதன் பிறகு கொல்லன் துருத்தி தோற்றது. கூடம் முழுக்கக் கேட்கும்படி இழுத்து இழுத்து விட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். கடைசிப் பாய்ச்சலை அப்பா பார்க்கவே இல்லை. தன் மூக்கைக் காவல் காக்கவே நேரம் சரியாக இருந்தது.

கோச் அம்மா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அப்பா தள்ளி உட்கார்ந்தவர் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, யாரு ரத்தம்..." என்று தொடங்கினார். அவள் தன் கழுத்திலிருந்த ஈரத் துண்டை உருவி அவர் முகத்தைத் தலையோடு மூடினாள்.

வெகுநேரம் அவர் அதை எடுக்கவில்லை; துண்டுக்குள் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.