பயோட்டின் பாட்டிலைப் பிடுங்கிய மஞ்சுளா

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் மஞ்சுளா போன வாரம் ஒரு பெரிய விஞ்ஞானியின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள். அதுவும் அவளுடைய மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே! கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

பாகலூர்ப் பெண். ஓசூரில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. பயோட்டின் தெரியுமில்லையா? முடி வளர மாத்திரையாக விற்கிறார்களே, அதே வைட்டமின்தான். நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டுகளுக்காக அதைப் புரதத்தோடு கட்டிவிடுகிறார்கள். நேரே கட்டினால் புரதத்தின் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளுமாம். அதனால் நடுவில் பாலிமரில் ஒரு கயிறு. ஒரு முனையில் பயோட்டின். மறுமுனை புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குக் கயிறு கட்டுகிறார்கள், நம்ம ஓசூரில்... சும்மாவா!

இவள் கம்பெனி விற்கும் அந்தக் கயிற்றுப் பவுடர் புரதத்தில் ஒட்டவே இல்லை என்று பெங்களூரு லேப் ஒன்று மெயில் போட்டுவிட்டது. டெஸ்ட் பண்ணி, சரி என்று கையெழுத்துப் போட்டவள் மஞ்சுளா. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

"தப்பு நம்ம மேலன்னா, நாளையிலிருந்து நீ வர வேணாம்மா" என்று சொல்லித்தான் மேனேஜர் அவளைக் காரில் ஏற்றியிருக்கிறார்.

பெங்களூரு லேபில் என்ன நடந்தது? விஞ்ஞானி ஃப்ரீசரிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்தார். எடுத்த கையோடு மூடியைத் திருகப் போனார். அப்போதுதான் இவள் பிடுங்கியது! சில்லென்று இருக்கும்போதே திறந்தால், காற்றின் ஈரம் பவுடரில் படிந்துவிடும். புரதத்தைப் பிடிக்க வேண்டிய முனை தண்ணீரிலேயே வீணாகிப்போகும்.

மேனேஜருக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, குளிர் விட்டுப்போச்சா உனக்கு?"

"எனக்கு விட்டுப்போச்சு சார். பாட்டிலுக்குத்தான் இன்னும் விடல."

அடேயப்பா! நானாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ரொம்பவே பயம்தாண்ணா. ஆனா அவரு திறந்துட்டார்னா, அப்புறம் நான் சொல்றத யாரு நம்புவாங்க?"

அரை மணி நேரம் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு திறந்தார்கள், புரதத்தோடு கலந்தார்கள். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. கெட்டியாக ஒட்டியிருந்தது! விஞ்ஞானி அவளைப் பார்த்து, "சாரிம்மா" என்றார்.

மேனேஜர்? ஓசூர் திரும்பும் வழியில் அத்திப்பள்ளி டிராஃபிக் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு வந்ததும் முதல் வேலையா லேபிளை மாத்தும்மா. குளிர் விட்ட பிறகே திறக்கவும்னு பெரிய எழுத்துல போடு" என்றாராம்.

பாட்டிலுக்கு அது சரி... வாயைத் திறக்க, குளிர் விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை!