மாமா இனாமாகக் கொடுத்த சிப்பாய்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குச் சதுரங்கப் போட்டி. எதிரே உட்கார்ந்த பையன் இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நான் கதவைத் தட்டப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். அவள் ஜெயித்து வந்து, பானிபூரி கேட்டு, தின்றும் முடித்துவிட்டாள். அந்தச் சிப்பாயை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. லிங்கராஜபுரத்தில் மாடி வீடு. கோலார் தங்கவயலிலிருந்து ஞாயிறுதோறும் ரயிலில் வரும் மாமா, சர்ச் முடிந்ததும் பலகையை விரிப்பார். ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, "எடுத்துக்கோ பாப்பா, இனாம்" என்பார். நான் வெட்டுவேன். கிடைத்ததை விட மனமில்லாமல், வெட்டிய சிப்பாயைக் காக்க மற்ற சிப்பாய்களையும் தள்ளுவேன். அதற்குள் மாமாவின் குதிரையும் பிஷப்பும் ராணியும் என் ராஜாவின் வாசலுக்கே வந்துவிடும்.

தோற்றவர் பால்கனியில் நின்று "நான் கழுதை" என்று மூன்று முறை கத்த வேண்டும். நான்கு வாரமாக நான்தான் கத்தினேன். தெருவே பழகிவிட்டது.

ஐந்தாவது வாரம், எதிர்வீட்டுக்கு என் வகுப்பு மிஸ் குடிவந்திருந்தார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னிக்கு மிஸ்ஸுக்கே கேக்கும் டோய்!" என்றான் தம்பி.

அன்று காலைதான் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தேன். கீழ்வீட்டு கன்னட ஆன்ட்டி ஒப்பட்டு என்று போளி போட்டுக் கொடுத்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அவங்க ஆசையா குடுத்தாங்க, நீ காலி டப்பாவ நீட்டிட்டு வர்றியா? நாலு முறுக்காச்சும் போட்டுக் குடுக்க வேணாவா?"

மாமா "இனாம்" என்றதும் வெட்டினேன். சமையலறை வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உறுத்தியது. அடுத்து என் ராணியின் முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அவர் வெட்டும்படி வைத்தேன்.

"ஏய், அது போயிடும் பாரு."

"உங்களுக்குத்தான் மாமா. சும்மா வாங்கிக்கக் கூடாதாம்."

மாமா சிரித்துக்கொண்டே வெட்டினார். கணக்கு நேராகிவிட்டதால், வெட்டியதைக் காக்க நினைக்காமல் நான் குதிரையை வெளியே எடுத்தேன், பிஷப்பை எடுத்தேன், ராஜாவுக்குக் கோட்டை கட்டினேன். மாமாவின் ராஜாவோ முன்னால் மறைப்பில்லாமல் நடுவிலேயே நின்றது. அவர் டீ ஆறிப்போனது. கடைசியில் என் ராணி போய் நின்ற இடத்தில், அவர் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

மாமா பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார். மிஸ் ஈரத்துணியும் கையுமாக நிற்க, மூன்று முறையும் முழுக் குரலில் கத்தினார். மூன்றாவதற்கு மிஸ்ஸே சிரித்துவிட்டார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமா எனக்கு இனாம் சிப்பாய் தரவே இல்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயையும் யோசித்து யோசித்து நகர்த்தினார். தம்பிக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்தார். கத்தவைத்ததில் கோபம், இனி என்மேல் பிரியமில்லை என்று நினைத்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமா என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.