லிஃப்ட்காரர் வீட்டு நோட்டு

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு ஆயுசு முழுக்கப் படிக்கட்டுதான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிற கட்டடத்துக்கு அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? அவர் போகிற இடமெல்லாம் லிஃப்ட் நின்று போயிருக்கும். மோட்டார் அறையோ மொட்டை மாடியில் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் தோளில் கருவிப் பையோடு ஏறிக்கொண்டே இருக்கிறார் மனிதர். வேலை முடிந்து கீழே வரும்போது மட்டும் ஒரே ஒரு தடவை ஜம்மென்று லிஃப்டில் வருவார். "சோதிச்சுப் பாக்கணும்ல" என்பார், ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர் மாதிரி.

உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் அவர் முதலில் தொடுவது கருவிப் பையை அல்ல. கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசுவார். "நான் வந்துட்டேன். பத்து நிமிஷத்துல திறந்துடும். அது சரி, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" உள்ளே அழுதுகொண்டிருப்பவர் ஒரு கணம் திகைத்துப் போவார். பிறகு பதில் வரும். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்பது வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். எப்படி மாட்டினீர்கள், எவ்வளவு நேரமாயிற்று என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டவருக்குத் தெரியாதா என்ன?

அரை மணி நேரம் இருட்டில் நின்றுவிட்டு வெளியே வருகிறவர், கண்ணில் படுகிற முதல் ஆளிடம் மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவார். அந்த முதல் ஆள் எப்போதும் நம் லிஃப்ட்காரர்தான். தூக்கமே வருவதில்லை, மகன் பேசுவதில்லை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, "எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்குங்க" என்று முடிப்பார்கள். வேறு யாராக இருந்தாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் மறந்துவிடுவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்து, அதன் முதுகில் குறித்துக்கொள்வார்.

வீட்டில் அதற்கென்று ஒரு நீள நோட்டு இருந்தது. சமையலறையைச் சேர்த்தால் இரண்டே முக்கால் அறை உள்ள வீடு. முன்னறையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை. ஏதோ ஓர் ஆபீஸ் காலி செய்துகொண்டு போனபோது வாசலில் விட்டுவிட்டுப் போன மேசை அது. அதைச் சுற்றிவர வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு மகள்களும் தூங்கும் உள்ளறைக்குக் கதவு கிடையாது, பூப்போட்ட திரைதான். துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கும் மனைவி, மிஞ்சிய துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தது.

தினமும் மாலை ஆறரை மணிக்கு அந்த மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்காருவார்கள். அவர், மனைவி, பதினெட்டு வயதுப் பெரியவள், எட்டு வயதுச் சின்னவள். அவர் நோட்டைத் திறந்து வரி வரியாகப் படிப்பார். "ஏழாம் மாடி அம்மாவுக்குத் தூக்கம். வாட்ச்மேன் மகளுக்கு நல்ல இடம். பல் டாக்டருக்குக் கோபம் குறையணும்." கடைசியாகச் சொன்னது டாக்டர் கேட்டதல்ல, அவரிடம் வேலை பார்க்கும் பெண் கேட்டது. படித்து முடித்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார்கள். அப்புறம் சாப்பாடு. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மீதிப் பகல் முழுக்கப் படியேறுகிறாரோ என்று தோன்றும், மனிதர் ஆறு மணிக்குமேல் பரபரப்பதைப் பார்த்தால்.

இதில் இரண்டு சட்டங்கள் உண்டு. வீட்டில் எல்லாரும் வந்து உட்கார்ந்தால்தான் ஆரம்பம். கேட்டவர் தன் வாயால் "ஆச்சு" என்று சொன்னால்தான் வரியை அடிக்கலாம்; அடித்துவிட்டு ஓரத்தில் "ஆச்சு" என்று எழுத வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்தால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆச்சா இல்லையா என்று இவரே தேடிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் முப்பது பேருக்கு நடுவில், ஒரு பெரிய ஆபீஸ் மேனேஜரைப் பார்த்து, "சார், அந்த மூலம் சரியாயிடுச்சா?" என்று வாய் நிறைய விசாரித்துவிட்டார். அந்த மனிதர் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது அவர் போக வேண்டிய பஸ்ஸே இல்லை. அந்த வரி இன்னும் அடிக்கப்படாமல்தான் இருக்கிறது.

அவருடைய மைத்துனருக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். புது லிஃப்ட் விற்கிற கம்பெனியில் நல்ல பதவியில் இருப்பவர். அக்கா புருஷனுக்கு ஆபீஸில் நாற்காலி போட்டுக் கொடுக்கிறேன், படியேற வேண்டாம், ஆனால் ராத்திரி எட்டு மணி வரை இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "ஆறரைக்கு எனக்கு வேலை இருக்கே" என்று லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். வறட்டுப் பிடிவாதம் என்று மைத்துனர் சொன்னார். பிடிவாதம் பிடிக்கிறவர் முகம் அவ்வளவு தெளிவாக இருக்காது. அந்த மேசையில் கிடைப்பது போதும் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது. போதும் என்று தோன்றுகிற ஆளை எதைக் காட்டி இழுப்பது?

போன வருஷம் பெரியவள் தானாகவே வந்து கேட்டாள். "அப்பா, எனக்கு நர்சிங் சீட் கிடைக்கணும்னு நோட்டுல எழுதுங்க." எழுதினார். தினமும் படித்தார். வீட்டு ஆள் கேட்டது என்பதால் கொஞ்சம் அழுத்தியே படித்தார். சீட் கிடைக்கவில்லை. பட்டியல் வந்தது, இரண்டாம் பட்டியலும் வந்தது, கல்லூரியும் திறந்துவிட்டது. அவள் மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

நோட்டில் மட்டும் அந்த வரி அப்படியே இருந்தது. கேட்டவள் அடிக்கச் சொல்லவில்லை. அதனால் இவரும் விடவில்லை. "பெரியவளுக்கு நர்சிங் சீட்" என்று மாலைதோறும் பாசத்தோடு படித்துக்கொண்டே இருந்தார். சட்டத்தைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர்களும் இப்படித்தான் சில சமயம் மரமண்டையாக இருப்பார்கள்.

ஒரு நாள் மைத்துனர் வந்திருந்தபோது வாய் சும்மா இராமல் சொன்னார். "ஊருக்கெல்லாம் வேண்டினீங்களே மாமா, சொந்தப் பொண்ணுக்கு என்ன கிடைச்சுது?" திரைக்குப் பின்னால் அவள் இருந்தாள். திரை வீட்டில் ரகசியம் ஏது? மறுநாள் ஆறரைக்கு அவள் மேசைக்கு வரவில்லை.

"அக்கா, வா" என்று சின்னவள் கூப்பிட்டாள்.

"நான் வரல. நீங்க ஆரம்பிங்க."

அவர் ஆரம்பிக்கவில்லை. ஏழு மணி வரை மூடிய நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சரி, சாப்பிடலாம்" என்றார். அடுத்த நாளும் அப்படியே. பதினோரு நாள் அந்த வீட்டில் நோட்டு திறக்கப்படவில்லை. பெரியவள் சமையலுக்கு உதவினாள், தங்கைக்குத் தலை வாரினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆறரை அடித்தால் மட்டும் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை கையைவிட்டுப் போகிறாளோ என்று பயந்தார். மத்தியானம் மோட்டார் அறையில் கிரீஸ் டப்பாமேல் நோட்டை வைத்து, அவர் மட்டும் படித்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அது நாலு பேர் வேலை, ஒற்றை ஆளாகச் செய்ய முடியவில்லை.

பத்தாம் நாள் மனைவியிடம் புலம்பினார். மனைவி துணிக்கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பேண்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் கடவுள்மேல கோபம். எப்படிப் பேசிப் புரியவைக்கிறதுன்னு யோசிச்சுட்டே இருக்கேன்."

"கடவுள்மேல எதுக்குக் கோபம்? உங்க மேலதான்."

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "என்னங்க, லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட போயி, நீ மாட்டிக்கிட்டே, நீ மாட்டிக்கிட்டேன்னு தினம் சாயங்காலம் சொல்லிட்டு வருவீங்களா?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஆறரைக்கு அவர் மேசைக்குப் போகவில்லை. நோட்டும் கையுமாக நேராகப் போய்த் திரைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

எழுந்திருக்காமல் காத்திருந்தார்.

"ரொட்டி."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்ல. கடையில கூட்டம். அப்படியே தின்னேன்."

"கூட்டம்னா, காய்ச்சலா எல்லாருக்கும்?"

"பாதிப் பேருக்கு இருமல். ஒரு தாத்தா டாக்டர் சீட்டுன்னு நெனச்சு மளிகைச் சீட்டைக் குடுத்துட்டார். நானும் அரை கிலோ சர்க்கரைன்னு படிச்சுட்டு, மாத்திரையைத் தேடிட்டு இருந்தேன்."

அவர் சிரித்தார். உள்ளேயும் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அவர் நோட்டையும் பேனாவையும் திரைக்கு அடியில் தள்ளினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். தப்பு என்னோடதும்மா. படிக்கத் தெரிஞ்ச எனக்குப் பாக்கத் தெரியல. நீயா குடுக்கிற வரைக்கும் நான் கேக்க மாட்டேன்."

கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "உஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாள் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை. வீடு வந்து சேர ஆறரைக்கு இரண்டு நிமிஷம்தான் இருந்தது. உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெரியவள் மேசையில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நோட்டு.

"கை கழுவிட்டு வாங்கப்பா. இன்னைக்கு நான் படிக்கிறேன்."

அவர் கை கழுவினார். சோப்புப் போட்டது நினைவில்லை, மறுபடி போட்டுக் கழுவினார். வந்து உட்கார்ந்தார்.

அவள் நிதானமாகப் படித்தாள். ஏழாம் மாடி அம்மாவின் தூக்கம், வாட்ச்மேன் மகள், பல் டாக்டரின் கோபம், மேனேஜரின் மூலம் எல்லாம் பதினோரு நாள் பாக்கிக்கும் சேர்த்து வந்தன. அவளுடைய வரி வந்த இடத்தில் நிற்காமல் அடுத்ததுக்குப் போனாள். அவர் எட்டிப் பார்த்தார். அந்த வரியின்மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. ஓரத்தில் "ஆச்சு" இல்லை. "அப்புறம்" என்று எழுதியிருந்தாள்.

பட்டியல் முடிந்துவிட்டது என்று அவர் கண்ணை மூடப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "அப்பாவோட வலது முழங்கால்."

பத்தொன்பது வருஷமாக எழுதப்படுகிற நோட்டு அது. ஏழு நோட்டு தீர்ந்து எட்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றில்கூட அவருக்கென்று ஒரு வரி இருந்ததில்லை. அவருக்கே அது இப்போதுதான் உறைத்தது.

"ஏய், அதெல்லாம் எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்ல. அடிச்சிடு."

"நேத்து நீங்க எந்திரிக்கும்போது திரை இடுக்குல பாத்தேன். எடது காலை ஊனித்தானே எந்திரிச்சீங்க? எத்தனை நாளா இருக்கு?"

"அடிச்சிடும்மா."

"கேட்டவங்கதான்பா அடிக்கணும்" என்றாள் அவள். "நான் அடிக்கல."

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ மூடிய கதவுகளுக்கு வெளியே உட்கார்ந்து விடாமல் பேசியவர், திறந்த வீட்டில், தன் சொந்த மேசையில், முழங்காலைக் கையால் மூடிக்கொண்டார்.

"அப்பா, சாப்பாடு ஆறுது. கண்ண மூடுங்க" என்றாள் சின்னவள்.

அவர் மூடிக்கொண்டார். மூடியும் நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. துடைக்காமல் விட்டுவிட்டார்.