மண்ணில் படாத பூட்ஸ்

குழந்தையாக இருக்கும்போதே போலியோ வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. அதை வைத்து ஊரில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. கூப்பிட்டவர்கள் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை.

அரியலூருக்கும் தா.பழூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஊர். ஐந்தாவது வரை எங்கள் தெருவிலேயே பள்ளிக்கூடம் இருந்ததால், கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து குனிந்து போய்விடுவேன். ஆறாவதுக்கு ஊர்த்தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டில் இருக்கிற ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் குனிந்தே போனால் முதுகு ஒடிந்துவிடும். காலுக்கு ஒரு வழி பிறந்தால் படிப்பு. இல்லையென்றால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். இது அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் தெரியும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டிகள் வந்திறங்கும். அந்த நாட்டில் ரிட்டயர் ஆனவர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் ஊர் ஆஸ்பத்திரிகள் ஒதுக்கிய கட்டில், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் வாங்கித் துடைத்து, எண்ணெய் போட்டு, சம்பளம் இல்லாமல் அனுப்புகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வருஷப் பெட்டிகளோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் வந்திருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது காலிப்பர். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் பட்டைகள், கீழே ஒரு பழுப்பு பூட்ஸ். கம்பி இரண்டும் பூட்ஸின் குதிக்குள் இறங்கி அங்கேயே முடுக்கப்பட்டிருந்தன. யாரோ ஒரு பிள்ளை வளர்ந்து, கால் கொள்ளாமல் கழற்றிப் போட்டது. உள்ளே அந்தப் பிள்ளையின் விரல்கள் அழுந்திய பள்ளம்கூட இருந்தது. என் விரல்களை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொண்டேன்.

எழுந்து நின்றேன். கை முழங்காலில் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன். வெள்ளைக்காரம்மா கைதட்டினார், அவர் புருஷன் போட்டோ எடுத்தார். அப்பா மட்டும் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இந்த பூட்ஸ மட்டும் கழட்டிக்கலாமுங்களா?"

"கழட்டினா கம்பி எதுல நிக்கும்? எதுக்குக் கழட்டணும்?"

"சும்மாதான் கேட்டேனுங்க."

அவர் சும்மா கேட்கவில்லை. எங்கள் தெரு ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது. ஆண்கள் டவுனுக்குப் போனால், தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து, அந்தக் கோடியில் போய் மாட்டிக்கொள்வார்கள். நான் என் செருப்பைக் கையில் எடுப்பதென்றால் காலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். என் தொடையின் சுற்றளவு வரைக்கும் அளந்து பார்த்து மாட்டிவிட்ட அந்த நல்ல மனுஷர்களுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு இருப்பது எப்படித் தெரியும்? அப்பா அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

முதலில் ஊர்த்தெருவுக்குள் போகாமல், அப்பாவோடு வயல் வரப்பு வழியாகப் போய்ப் பார்த்தேன். நடவு முடிந்து தண்ணீர் நின்ற நேரம். நாலு எட்டு வைப்பதற்குள் பூட்ஸ் சேற்றில் புதைந்து வாய்க்காலில் விழுந்தேன். அப்பா என்னைத் தூக்குவதற்கு முன்னால் பூட்ஸைத்தான் துடைத்தார். வீணாகிவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்ற பயம்.

மறுநாள் அம்மா தெருமுனை வரை கூடவே வந்தாள். அங்கே நின்று ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரும்போடு சேர்த்து நான் நல்ல கனம். வெட்கத்தில் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நடுத்தெருவில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் ஆண்டை. அவர் நிலத்தில்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை.

"கால்ல அது என்னாடி?"

"ஆஸ்பத்திரில மாட்டி வுட்டதுங்க ஆண்டே."

"சரி சரி. மண்ணுல படாம போவட்டும்."

அப்படியே நடந்தது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. அம்மா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்து என்னைத் தூக்கித் தெருவைக் கடத்தி, தெருக்கோடியிலேயே இருந்த பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, மறுபடி வயலுக்கு ஓடுவாள். நடக்கச் சொல்லிக் கொடுத்த கால் அம்மாவின் இடுப்பில் தொங்கிக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார், தேய்ந்துவிடக் கூடாதாம். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆண்டை மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம் அது. அந்த வயதில் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் வரும்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் காட்டப் போனோம். டாக்டரம்மா பூட்ஸைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"குதி குடுத்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. நடக்கவே விடலையா? அழகு பாக்கவா குடுத்தோம்? கால் இன்னும் சூம்பிப்போகும். இதுக்கு எத்தனை புள்ளைங்க காத்துக் கெடக்கு தெரியுமா? அடுத்த தடவையும் இப்படியே இருந்தா வாங்கி வேற புள்ளைக்குக் குடுத்துடுவேன்."

அம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சொல்லும்மா, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த பூட்ஸை யாரோ பிடுங்க வருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை தெருமுனையில் அம்மா வழக்கம்போலக் குனிந்து கையை நீட்டினாள்.

"வேணாம்மா. நான் நடக்குறேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வா."

பூட்ஸ் மண்ணில் பட்டது. கம்பி 'டக்' என்றது. அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சாணி தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வாளியோடு நின்றுவிட்டார். டக். இன்னொரு வீட்டுக் கதவு திறந்தது. டக். என் நல்ல கால்தான் நடுங்கியது. இரும்புக் கால் நேராக நின்றது. அம்மா எனக்கும் வீடுகளுக்கும் நடுவில் வந்தாள்.

ஆண்டை கட்டிலிலிருந்து எழுந்தார். ஓடு என்றது மனசு. ஓட எனக்குத் தெரியாது.

"என்னா, கொழுப்பா?"

"நடக்கலன்னா கால புடுங்கிக்குவாங்களாம் ஆண்டே." அம்மாதான் பதில் சொன்னாள்.

"நாளைலேருந்து என் வயப்பக்கம் நீங்க ரெண்டு பேரும் வரப்புடாது."

"சரிங்க ஆண்டே," என்றாள் அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஏன் நின்ன? நட," என்றாள்.

நடந்தேன். முதுகில் கல் வந்து விழும் என்று தெருக்கோடி வரை எதிர்பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

அன்றைக்கு அப்பா அம்மாவை ஏசினார். "இனிமே என்னத்தத் திங்கிறது? சொல்லு!" அம்மா அந்த வாரமே சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஆளேற்றிப் போகிற லாரியில் ஏறிவிட்டாள். முதலில் முறைத்துக்கொண்டிருந்த அப்பாவும் பிறகு போனார். கல் உடைத்து, கல் சுமந்து, தலைமுடியெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார்கள். நான் தினமும் தனியாக அந்தத் தெருவில் நடந்தேன். காறித் துப்பினார்கள். நாயை ஏவினார்கள். நடந்தேன். அப்பா காலிப்பரை ஆணியில் மாட்டுவதை விட்டுவிட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வெள்ளைக்காரர்கள் புதுப் பெட்டிகளோடு வந்திருந்தார்கள். டாக்டரம்மா காலிப்பரைக் கழற்றி, பூட்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, குதி பாதி போயிடுச்சே! டயர் வச்சு அடிக்கச் சொல்றேன்," என்றார்.

அம்மா அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். குவாரியில் காய்த்துப்போன கட்டைவிரலால் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

வெள்ளைக்காரர் கேமராவை எடுத்து, போன தடவை போல என்னை எழுந்து நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். அம்மா இடையில் வந்து நின்றாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, கம்பியோடு பூட்ஸை அடிப்பக்கம் தெரிகிற மாதிரி தன் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இத எடுக்கச் சொல்லுங்க டாக்டரம்மா."