காலடியில் இருந்த சிவப்புக் கைப்பிடி

எங்கள் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, நசினு ஊரிலிருந்த எங்கள் கிடங்கில் ஆட்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். உயரத்தில் வேலை செய்ய ஆளைத் தூக்கும் சிசர் லிஃப்டை ஓட்டப் பயிற்சி பெற்றிருந்த ஒரே ஆளான முனிசாமி அண்ணனுக்கும் ஆக்லாந்து விசா வந்துவிட்டது. கடைசி நாள் விருந்தில் சாப்பிட்டபடியே, “ஏத்த இந்த பட்டன், எறக்க இந்த பட்டன். அவ்ளோதான் தம்பி” என்று சாவியைக் கொடுத்தார். பயிற்சி முடிந்ததாக நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுவாரம் கூரை விளக்கை மாற்ற ஏறினேன். இருபதடி உயரத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. எத்தனை முறை அழுத்தியும் இறங்கவில்லை. தகரக் கூரையின் வெக்கை தலையைச் சுட்டது. கீழே காவலாளி ஜோனே மட்டும் இருந்தார். “பையா, கா கரீ?” என்று இந்தியில் கத்தினார். என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை. கம்பிகளைப் பிடித்து இறங்கலாம் என்று ஒரு காலை வெளியே போட்டேன். “நஹீ, நஹீ!” என்று அலறிவிட்டு, அவர் ஆபீசுக்கு ஓடினார். மேனேஜர் ஆக்லாந்துக்குப் போன் போட்டார்.

“அடியில செவப்புக் கைப்பிடி இருக்கே, கீழ நிக்கிறவரு இழுத்தா எறங்கிடும். தம்பிக்குத் தெரியாதா?” என்றாராம் அண்ணன்.

ஜோனே இழுத்தார், இறங்கினேன். நான்கு வருடம் அண்ணன் ஏறும்போதெல்லாம் கீழே நின்றது நான்தான். அந்தக் கைப்பிடி எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது கீழே நிற்பவர் அதை ஒருமுறை இழுத்துக் காட்டாமல் யாரையும் நான் ஏறவிடுவதில்லை. நான் பழக்கிய இருவர் சிட்னி போய்விட்டார்கள். இன்று மூன்றாமவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அரைநாள் லீவு கேட்டார்.